காருக்கு நூறு சதுர அடி

மித்தி ஆற்றின் வட கரையில் பாந்த்ரா-குர்லா வளாகம். தென் கரையில் தாராவி. நடுவில் கறுப்பாகத் தேங்கி நிற்பதை ஆறு என்று சொல்லப் பெரிய மனசு வேண்டும். 2025 ஜூலை 15 அன்று டெஸ்லா நிறுவனம் இந்தியாவில் தன் முதல் ஷோரூமை இந்த வட கரையில்தான் திறந்தது. முதல்வர் தேவேந்திர ஃபட்னவிஸ் நேரில் வந்து திறந்துவைத்தார். ஷாங்காயிலிருந்து கப்பலேறி வந்த மாடல் ஒய் மின் காரின் விலை அன்று 59.89 லட்ச ரூபாயில் தொடங்கியது.

வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்க்கும் தமிழர்களில் கணிசமானோர் மாலையில் திரும்பிப் போவது மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும். தாத்தா ஸ்டெனோகிராபராக வந்தார், அப்பா கம்பெனி குவார்ட்டர்ஸில் வளர்ந்தார், பிள்ளை வங்கியின் உபதலைவர். ஐந்து வருடத்து போனஸ் கையில் இருக்கிறது. அப்புறம் என்ன? இரவுச் சாப்பாட்டில் கார் பேச்சுதான். யானை மாதிரி உயரமாக நிற்கும் சொகுசு எஸ்.யு.வி.யா, சிறுத்தை மாதிரி பாயும் மின் காரா?

இந்த ஊருக்கு இப்படிப்பட்ட கேள்வி புதிதல்ல. லைசென்ஸ் காலத்தில் அது அம்பாசடரா, ஃபியட்டா என்று இருந்தது. (சென்னைக்காரர்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் சேர்த்துக்கொள்வார்கள்.) கல்கத்தா அம்பாசடரை ஏற்றது, பம்பாய் ஃபியட்டை ஏற்றது. அதற்கு நல்ல காரணம் இருந்தது. வால்சந்த் ஹீராசந்தின் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் அதைத் தயாரித்தது தாராவிக்கும் செம்பூருக்கும் பக்கத்திலிருக்கும் குர்லாவில். ஃபியட் பிற்பாடு பிரிமியர் பத்மினி ஆயிற்று. கறுப்பு மஞ்சள் டாக்சியாக நகரத்தின் முகமே ஆயிற்று. கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சியின் 20 வருட ஆயுள் 2023 அக்டோபரில் முடிந்து அதுவும் சாலையை விட்டு இறங்கியது. அந்த ஃபியட் 4 மீட்டருக்கும் குறைவான நீளம், ஒன்றரை மீட்டருக்கும் குறைவான அகலம். தரையில் அது பிடித்துக்கொண்ட இடம் சுமார் 62 சதுர அடி. இந்த எண்ணுக்குப் பிறகு வேலை இருக்கிறது.

இனி செம்பூரில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். அப்பா மாஹுல் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு வட கரையில் உத்தியோகம். மகன் மனசில் இருப்பது பிஒய்டி சீல். 2024 மார்ச்சில் அறிமுகமானபோது அதன் உயர் ரகத்துக்கு 53 லட்சம் விலை. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 3.8 விநாடியில் எட்டும். அப்பா கைகாட்டுவது பிஎம்டபிள்யூ எக்ஸ்-5. விலை ஒரு கோடியை ஒட்டி வரும். ஆனால் அது செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில், 2007 முதல் இயங்கும் ஆலையில் பூட்டப்படுகிற கார். நம்ம ஊர் சாமான் என்று அவர் சொன்னால் அதில் தப்பில்லை.

அதே வேர்ல்டு சிட்டியில் தாராவிக்கும் ஒரு நினைவுச்சின்னம் போயிருக்கிறது. 'காலா' படத்தில் ரஜினிகாந்த் சிம்மாசனம் போல உட்கார்ந்த தார் ஜீப்பை ஆனந்த் மகிந்திரா ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கினார். 2018-ல் அது அங்குள்ள மகிந்திரா ஆராய்ச்சி மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தாராவிக் கதைநாயகனுக்கு வண்டி என்றால் அது உயரமாகத்தான் இருக்க வேண்டும் என்று சினிமாக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

உயரம் வெறும் பந்தா அல்ல. 2005 ஜூலை 26-ஐ மறக்காதவர்களுக்கு இது புரியும். சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி கரை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. வெள்ளத்தில் நின்றுபோன கார்களின் கதவும் கண்ணாடியும் திறக்காமல் உள்ளேயே மூச்சு முட்டி இறந்தவர்கள் உண்டு. அந்த அளவு மழை வேண்டாம். சாதாரண ஜூலையில், கடல் ஏற்றத்தோடு நாலு மணி நேரம் கொட்டினாலே கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட் முன்னால் முழங்கால் தண்ணீர் நிற்கும். மாட்டுங்காவையும் செம்பூரையும் இணைக்கும் வழி அதுதான். எக்ஸ்-5 அரை மீட்டர் தண்ணீர் வரை போகலாம் என்கிறது நிறுவனம். சீல் காரின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 145 மில்லிமீட்டர். ஒரு ஜாண் கூட இல்லை. மழையில்லாத நாளிலேயே மும்பை வேகத்தடைகள் அதற்கு எமன்.

ஆனால் இதில் மகன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பெட்ரோல், டீசல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால், தண்ணீர் அமுங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சின் செத்துவிடும். இன்ஷ்யூரன்ஸ்காரர் எஞ்சினுக்குத் தனிப் பாதுகாப்பு எடுத்தீர்களா என்று கேட்பார். மின் காருக்கு உறிஞ்சும் குழாயே கிடையாது. தரமான பேட்டரிப் பெட்டி ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும்படி மூடி முத்திரையிடப்படுகிறது. சோதனைக்கூடத்துத் தண்ணீர் வேறு, காந்தி மார்க்கெட் தண்ணீர் வேறு என்று அப்பா பதில் சொல்லலாம். அதுவும் நியாயம்தான்.

வரிக் கணக்கில் மகன் ஜெயிக்கிறார். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்.யு.வி.க்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், மின் காருக்கு, விலை எவ்வளவானாலும், 5. மகாராஷ்டிரத்தில் ஒரு கோடி ரூபாய் பெட்ரோல் காருக்கு 13 லட்சம் வாகன வரி. டீசல் என்றால் 15. மின் காருக்கு வரிவிலக்கு. 30 லட்சத்துக்கு மேற்பட்ட மின் கார்களுக்கு 6 சதவீதம் போடலாம் என்று 2025 பட்ஜெட்டில் ஒரு யோசனை வந்து அதே மாதத்தில் கைவிடப்பட்டது. சிவ்ரியிலிருந்து கடலைத் தாண்டும் அடல் சேதுவிலும் 2025 ஆகஸ்ட் முதல் மின் காருக்குச் சுங்கம் இல்லை. 3.8 விநாடிப் பாய்ச்சலைக் காலால் கொஞ்சமாவது தொட்டுப் பார்க்க அந்த 21.8 கிலோமீட்டர்தான் இடம். அங்கேயும் 100-க்கு மேல் போனால் அபராதம். மிச்ச நாளெல்லாம் சயான் சிக்னலில் ஆட்டோவுக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். சிறுத்தை வாங்கி ரேஷன் க்யூவில் நிறுத்துகிற கதை.

புகை விஷயம் வந்தால் செம்பூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எஸ்.யு.வி. குடிக்கும் டீசல் 1950-களிலிருந்தே மாஹுல் ஆலைகளில் காய்ச்சப்படுவது. மின் கார் குடிக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு அதற்குப் பக்கத்தில் டிராம்பே அனல் நிலையத்தில், நிலக்கரியிலும் எரிவாயுவிலும் பிறப்பது. எந்தக் காரை வாங்கினாலும் சமையல்கட்டு செம்பூருக்கு அருகில்தான். வித்தியாசம் இல்லாமல் இல்லை: மின் கார் போகிற தெருவில் புகை கிடையாது, மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸில் காலையில் நடக்கிற பெரியவர்களுக்கு அது லாபம். மாஹுலில் இருப்பவர்களுக்கு? தான்சா குழாய்ப் பாதை ஓரத்துக் குடிசைகளை இடித்து அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டவர்களின் வழக்கில், அந்தக் காற்றில் இருக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2019-ல் அரசிடம் சொல்ல வேண்டியிருந்தது.

இவ்வளவும் பேசி முடித்த பிறகு வருகிறது உண்மையான கேள்வி. கார் இரவில் எங்கே தூங்கும்?

மாட்டுங்காவை 1896 பிளேக் நோய்க்குப் பிறகு, காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று திட்டமிட்டுப் போட்டார்கள். மரம் வைத்தார்கள், தோட்டம் வைத்தார்கள். 1930-களிலும் 40-களிலும் எழுந்த மூன்று மாடிக் கட்டடங்களுக்குக் கார் நிறுத்துமிடம் வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அப்போது தமிழ்க் குடும்பங்களிடம் கார் ஏது? ராமநாயக்கில் வாழையிலைச் சாப்பாடு, கபே மெட்ராஸில் காப்பி, மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு நடை. இன்றைக்கு ஷண்முகானந்தா மன்றத்தில் ஒரு நல்ல கச்சேரி என்றால் சுற்றுத்தெருக்களில் கார் விட இடம் பிடிப்பதே ஒரு ராகம் தானம் பல்லவி.

இந்தக் கட்டடங்களில் சாலையோரம் நிற்கும் மின் காருக்குச் சார்ஜ் போடுவது எப்படி? இருக்கும் வீட்டு இணைப்பிலிருந்தே போட்டுக்கொள்ளலாம் என்கின்றன மத்திய மின்துறையின் வழிகாட்டு நெறிகள். மூன்றாம் மாடியிலிருந்து, பால்கனி வழியாக, பூ விற்கும் அம்மாளின் தலைக்கு மேலே ஒயர் இழுப்பது பற்றி அவை எதுவும் சொல்லவில்லை.

செம்பூரின் கதை வேறு. பழைய இரண்டு மாடிக் கட்டடங்கள் இடிக்கப்பட்டு இருபது மாடிகள் எழுகின்றன. கார்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இயந்திரப் பரண்கள் வந்துவிட்டன. அங்கே ஒவ்வொரு தட்டுக்கும் உயரமும் எடையும் அளவு வைத்திருக்கிறார்கள். செடானுக்கு என்று போட்ட தட்டில் இரண்டு டன்னைத் தாண்டும் எஸ்.யு.வி. ஏறாது. சரி, சீல் ஏறுமா என்றால் தட்டின் எடைக் கணக்கைப் பார்க்க வேண்டும். பேட்டரி அதையும் இரண்டு டன்னுக்கு மேலே கொண்டுபோய்விடுகிறது. ஏறினாலும், கார் மேல் தட்டுக்குப் போன பிறகு சார்ஜரின் ஒயர் எங்கே போகும் என்ற கேள்விக்குப் பல கட்டடங்களில் விடை இல்லை. திறந்தவெளியையும் தூண்களுக்கு நடுவேயுள்ள இடத்தையும் பில்டர் விற்கக் கூடாது, அவை சொசைட்டிக்குச் சொந்தம் என்று 2010-ல் ஒரு மும்பை வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே கார் அதிகம், இடம் குறைவு என்ற இடங்களில் சொசைட்டியில் வருடா வருடம் குலுக்கல் போடுகிறார்கள். ஒரு கோடி ரூபாய் காரின் தலைவிதி ஒரு சீட்டில். நிறுத்த இடம் இருப்பதற்குச் சான்று காட்டினால்தான் இனிப் புதிய கார்களைப் பதிவு செய்வோம் என்று போக்குவரத்து அமைச்சர் பிரதாப் சர்நாயக் 2025 மே மாதம் அறிவித்தது, இங்கே பல வீடுகளில் ஜி.எஸ்.டி. செய்தியைவிட அதிகமாகப் பேசப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது அந்த எண்கள். பத்மினி 62 சதுர அடி. சீல் 97. எக்ஸ்-5 சுமார் 106. கதவைத் திறக்க இடமும் சேர்த்து ஒரு கார் நிற்கும் கட்டத்துக்கு ஐந்து மீட்டருக்கு இரண்டரை மீட்டர் என்று கொண்டால் 134 சதுர அடி.

இந்த அளவுகள் தாராவிக்காரர்களுக்கு மனப்பாடம், கார் காரணமாக அல்ல. நூறு, நூற்றிருபது சதுர அடி என்பது தாராவியில் ஒரு வீடு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த அளவுக்குள் பரணும் அடித்து, படித்து, கல்யாணம் செய்து, மேலே ஒரு தளம் எழுப்பிக் குடித்தனம் நடத்துகிறார்கள். பதனிடும் தொட்டிகள் என்றோ ஊரைவிட்டுப் போய்விட்டன. பையும் பெல்டும் தைக்கும் கைகள் மிச்சம். 2015-ல் மாநிலத்தில் மாட்டிறைச்சித் தடை வந்தபோது அவர்களுக்குத் தோலும் அருகியது. இதில் இன்னொரு வேடிக்கை: அக்கரை ஷோரூமின் புதிய மின் காரில் இருக்கைக்குத் தோல் கிடையாது, செயற்கைப் பொருள்தான். தோல் இருக்கையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இன்னும் எஸ்.யு.வி.தான்.

தாராவியை மறுபடி கட்டும் வேலை 2022 நவம்பர் ஏலத்தில் அதானி குழுமத்துக்குப் போனது. கூட்டுக் கம்பெனியில் அதற்கு 80 சதவீதம், மாநில அரசுத் தரப்புக்கு 20. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இருப்பவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடியில் இலவச வீடு. மாடியில் குடியிருப்பவர்களுக்கும் பிற்பாடு வந்தவர்களுக்கும் தாராவிக்கு வெளியே. அந்த வெளியே எது? தேவநார் குப்பைமேட்டில் 124 ஏக்கர் இதற்காக 2024-ல் ஒதுக்கப்பட்டது. அது செம்பூருக்கு அடுத்த பேட்டை. ஆக, தாராவியில் தகுதி இல்லை என்று சீட்டு வாங்குகிறவரும், செம்பூரில் குலுக்கலுக்குச் சீட்டு எழுதிப் போடுகிறவரும் வருங்காலத்தில் அண்டைவீட்டார். ஒருவர் கேட்பது குடும்பத்துக்கு 350 அடி. மற்றவர் கேட்பது காருக்கு 134.

நம் கற்பனைக் குடும்பத்தில் விஷயம் ஒரு மாதிரி முடிவுக்கு வந்திருக்கிறது. உயரமும் வேண்டும், மின்சாரமும் வேண்டும் என்று மருமகள் ஒரு சமரசம் சொல்கிறார். மகிந்திராவின் பிஇ-6: தரையிலிருந்து 207 மில்லிமீட்டர் உயரம், 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமானபோது 18.90 லட்சத்தில் தொடங்கிய விலை, தரையில் 90 சதுர அடி. மகனுக்கு முகம் கொஞ்சம் சுருங்குகிறது; பாந்த்ரா-குர்லாவில் அதை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அப்பா மட்டும் நாடாவோடு கீழே இறங்கிப் போய், வாட்ச்மேன் பிடித்துக்கொள்ள, தூணுக்கும் தூணுக்கும் நடுவே அளந்து பார்த்துவிட்டு வருகிறார். சொசைட்டிப் பொதுக்குழு செப்டம்பரில். குலுக்கல் முடியும்வரை யாரும் எந்த ஷோரூமுக்கும் முன்பணம் கட்டுவதில்லை என்று சாப்பாட்டு மேஜையில் தீர்மானம் நிறைவேறியது. அதுவரை மகன் செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் குர்லாவுக்குப் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடிப்பார்.