லாண்ட்ஸ் எண்டுக்கு ஒரு சோதனை யாத்திரை

மோட்டார் சைக்கிள் போட்டி என்றால் வாசகர்களுக்கு வேகந்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியை நோக்கி ஈஸ்டர் சமயத்தில் நடைபெறும் 'லாண்ட்ஸ் எண்ட் டிரையல்' வேறு ஜாதி. அங்கே வேகத்துக்கு அதிக மதிப்பில்லை. ஓர் இரவும் ஒரு பகலுமாக 200 மைலுக்கு மேல் பிரயாணம் செய்ய வேண்டும். வழியில் குறித்திருக்கும் கல்லும் சேறுமான செங்குத்துப் பாதைகளில் நிற்காமல் ஏற வேண்டும். எல்லாவற்றிலும் ஏறியவர்கள் அத்தனை பேருக்கும் தங்க விருது. ஒன்றில் தவறினால் வெள்ளி. இரண்டில் தவறினால் வெண்கலம். போட்டி பக்கத்து வண்டிக்காரனோடு அல்ல, மலையோடு. 1901-ல் ஸ்தாபிக்கப்பட்ட மோட்டார் சைக்கிளிங் கிளப்பார் 1908-ல் ஆரம்பித்து வைத்த வழக்கம் இது.

என் பழைய மாணவன் ஒருவன் பிரிஸ்டல் நகரில் எஞ்சினீயராக இருக்கிறான். 2019-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுடைய ஸைட் காரில் வழக்கமாக ஏறும் நண்பருக்குக் காய்ச்சல்.

"ஸார், நீங்கள்தான் வரவேண்டும்" என்றான்.

"என்னை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போகப் போகிறாயா?"

"மூட்டை சும்மா இருக்கும், ஸார். நீங்கள் சும்மா இருக்கக் கூடாது."

வண்டியைப் பார்த்ததும் மனம் பூரித்தது. நம் திருவொற்றியூரில் செய்த புல்லட்! இங்கிலாந்துக் கம்பெனியின் உதவியோடு 1955-ல் சென்னையில் தொடங்கிய தொழில், 1977-ல் அந்த இங்கிலாந்துக்கே புல்லட்டை ஏற்றுமதி செய்யலாயிற்று. வாத்தியார் வீட்டுக்கே பாடம் சொல்லப் போன பிள்ளை!

பெரிய வெள்ளியன்று இரவு புறப்பட்டோம். அன்று சித்ரா பௌர்ணமி. மதுரையில் அழகர் வைகையில் இறங்கிய நாள். அதே நிலவு எக்ஸ்மூர் புல்வெளிகளின் மேல் காய்ந்தது. குளிரோ எலும்பைத் துளைத்தது.

என் உத்தியோகத்தை வழியிலேயே கற்றுக் கொடுத்தான். வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம். அது மண்ணைக் கவ்வாமல் வெறுமே சுழன்றால் வண்டி நின்றுவிடும். ஆகவே ஏற்றத்தில் நான் ஆசனத்தை விட்டு எழுந்து, பின்சக்கரத்தின் மேல் சாய்ந்து, என் பாரத்தை அதன்மீது போட வேண்டும். சில ஏற்றங்களில் நடுவே ஒரு கோடு உண்டு. அங்கே வண்டியை நிறுத்தி, பின்னால் நழுவாமல் மறுபடி கிளம்ப வேண்டும். லின்டன் ஊருக்கருகே 'பெக்கர்ஸ் ரூஸ்ட்' என்ற ஏற்றம், மூன்றடி போனால் சுமார் ஓரடி உயர்கிறது. "இப்பொழுது, ஸார்!" என்று கூவினான். குதித்தெழுந்தேன். ஏறிவிட்டோம்!

கடைசியாக, கார்ன்வால் கடற்கரையில் செயின்ட் ஆக்னஸ் அருகே 'புளூ ஹில்ஸ்'. முன்னாளில் வெள்ளீயச் சுரங்கம் இருந்த பள்ளத்தாக்கு. சரிவெங்கும் ஜனத்திரள். அதுவரையில் நாங்கள் ஒன்றிலும் தவறவில்லை. தங்கம் இன்னும் சில கஜ தூரத்தில் இருந்தது. வளைவில் திரும்பினோம். கீழே, காலை முழுவதும் கண்ணுக்கு அகப்படாத அட்லாண்டிக் சமுத்திரம் வெயிலில் பளபளத்தது. இரண்டே விநாடி பார்த்தேன். "ஸார்!" என்ற குரல் காதில் விழுந்தபோது பின்சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. வண்டி நின்றுவிட்டது.

பக்கத்தில் நின்ற கண்காணிப்பாளர் முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. கையிலிருந்த காகிதத்தில் ஒரு குறி போட்டார். இருபது வருஷமாக அப்படிக் குறி போட்டவன் நான். குறி வாங்குகிறவனாக நின்றது அன்றுதான்.

"மன்னித்துவிடு, அப்பா. கடலைப் பார்த்துவிட்டேன்" என்றேன்.

அவன் சிரித்தான். "ஒன்பதாம் வகுப்பில் ஜன்னல் வழியாக வெளியே பார்த்ததற்கு என்னைப் பெஞ்சின் மேல் நிறுத்தினீர்களே, ஞாபகம் இருக்கிறதா, ஸார்?"

எனக்கு ஞாபகம் இல்லை. அவனுக்கு இருந்தது.

"ஜன்னலுக்கு வெளியே அப்படி என்ன தெரிந்தது?"

"மழை, ஸார். அந்த வருஷத்து முதல் மழை."

வெள்ளி விருது அவன் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. ஜன்னல் பக்கம் திரும்பும் பையனை இப்பொழுதும் அதட்டத்தான் செய்கிறேன்; ஆனால் அதற்கு முன், அவன் எதைப் பார்க்கிறான் என்று நானும் ஒரு முறை எட்டிப் பார்த்துக் கொள்கிறேன்.