வெள்ளைத் துரு

ராஜபாளையத்துக்காரர்களுக்குத் துரு என்றால் சிவப்பு. கிணற்று மோட்டாரின் போல்ட்டில், மில் கொட்டகையின் தகரத்தில், சைக்கிள் கேரியரில் அது பகிரங்கமாகவே வரும். உப்புத்தாளால் தேய்த்தால் போகும். மழை கொண்டுவரும் துரு அது. பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆண்டாள், திருப்பாவையின் நான்காம் பாட்டில் மேகத்தைக் கடலுக்குள் புகுந்து நீர் முகந்து வரச் சொல்கிறாள். அந்த மேகம் உப்பைக் கடலிலேயே விட்டுவிட்டுத்தான் எங்கள் மலைக்கு வருகிறது. அந்த உப்பு உலோகத்தை என்ன செய்யும் என்பதை நான் பார்த்தது மணப்பாட்டில்.

கல்லூரி அறைத்தோழனின் ஊர் அது. அவனுடைய அண்ணன் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். அவருக்குப் பழைய அவுட்போர்டு இன்ஜின் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. அண்ணியின் நகை அடகுக்குப் போயிருந்தது. "உங்க மாமாவைக் கூட்டிட்டு வாடா, மெஷின் தெரிஞ்ச ஆளு" என்றான் நண்பன். மாமா மில் ஒன்றில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். கடல் இன்ஜினைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. உலோகம் தெரியும்.

அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் 1909ல் விற்பனைக்குக் கொண்டுவந்த அவுட்போர்டு, கேரளத்திலும் நம் தென்கரையிலும் 1980களில்தான் பரவியது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். காரில் இருப்பதுபோல ரேடியேட்டர் கிடையாது. கடல்நீரையே உறிஞ்சி, உடம்பு முழுக்கச் சுற்றவிட்டு, சூட்டைத் தணித்துக்கொண்டு வெளியே துப்பும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசாவிட்டால், அந்த உப்பு உள்ளே தங்கி வழியை அடைக்கும். அப்புறம் இன்ஜின் சூடேறும், பிஸ்டன் இறுகும். அதுவும் கரையிலா நடக்கும்? நடுக்கடலில், காற்று மாறுகிற நேரத்தில் நடக்கும்.

முதலில் பார்த்த இன்ஜின் பளபளவென்று இருந்தது. "புதுசா பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கேன், அண்ணாச்சி" என்றார் விற்பவர். மாமா பெயிண்டைப் பார்க்கவில்லை. போல்ட் தலைகளைச் சுற்றி நகத்தால் கீறினார். பெயிண்ட் செதிலாக உரிந்தது. அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. அலுமினியத்தின் துரு அதுதான். எவர்சில்வர் போல்ட்டும் அலுமினிய உடம்பும் உப்புநீரில் நனைந்து தொட்டுக்கொண்டால் அது ஒரு பேட்டரி. கரைவது அலுமினியம்தான்.

அதற்காகத்தான் தண்ணீருக்குள் இருக்கும் பகுதியில் ஒரு துத்தநாகக் கட்டியை மாட்டியிருப்பார்கள். அலுமினியத்தைவிடச் சுலபமாகக் கரையும் உலோகம் அது. அது கரைகிறவரை உடம்பு கரையாது. ஹம்ப்ரி டேவி 1824ல் பிரிட்டிஷ் கடற்படைக்குச் சொன்ன யோசனை இது. கப்பலின் அடியில் அடித்த செப்புத் தகட்டைக் காக்க, துத்தநாகத்தையோ இரும்பையோ பலி கொடுக்கலாம் என்றார்.

அந்த இன்ஜினில் துத்தநாகக் கட்டி முழுசாக இருந்தது. எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. மாமா தலையை ஆட்டினார். "இத்தனை வருசம் கடல்ல ஓடியிருக்கு, இது கரையவே இல்லைன்னா வேற என்ன கரைஞ்சிருக்கும்?" கட்டியின் மேலேயும் பெயிண்ட். பெயிண்ட் பூசிய துத்தநாகம் எதையும் காப்பாற்றாது. எங்கள் தொழிலிலும் ஒரு பிழைகூடப் பதியாத லாக் கோப்பைக் கண்டால் இதே பயம்தான். பெரும்பாலும் பதிவதே நின்றுபோயிருக்கும்.

பிறகு கியர் பெட்டியின் கீழ்த் திருகைக் கழற்றினார். ஆயில் வெளுத்து, குழகுழவென்று இறங்கியது. சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தது. "எங்க ஊர்ல பால்கோவாவுக்குக் காய்ச்சுற பாலு மாதிரி இருக்கு" என்றார் மாமா. விற்பவர் உட்பட எல்லோரும் சிரித்தோம், அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அந்த நகையை நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

இரண்டு தெரு தள்ளி இன்னொரு இன்ஜின். நிறம் வெளுத்து, மூடி விரிந்து, பார்க்கவே பரிதாபம். துத்தநாகம் பாதி தின்னப்பட்டுச் சொரசொரப்பாக இருந்தது. உடம்பில் பொடி இல்லை. கியர் ஆயில் கறுப்பாக, ஆனால் தெளிவாக வந்தது. மாமா கயிற்றை மெதுவாக இழுத்து, பிஸ்டன் எதிர்த்துத் தள்ளுவதைக் கையாலேயே பார்த்துக்கொண்டார். டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டியபோது பின்பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் ஒரே சீராகப் பீச்சியது. குடிதண்ணீரைக் குடக்கணக்கில் பார்க்கிற ஊரில், யாரோ தினமும் அந்த இன்ஜினை அலசியிருக்கிறார்கள்.

தேய்மானம் இருந்தால் குறையில்லை, அது தேய வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மனிதர்களைப் பற்றியும் இதைச் சொல்லலாம், ஆனால் அன்று யாரும் சொல்லவில்லை. பேரம்தான் நடந்தது.

அண்ணன் இரண்டாவதை வாங்கினார். கூடவே புதுத் துத்தநாகக் கட்டி ஒன்றும். அதைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு மாமா திருப்பிக் கொடுத்தார். "இதுக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சிராதீக தம்பி."