அடுப்படிச் சுவருக்குக் கல் ஒட்டினோம்

எங்க ஊர்ப்பக்கம் வீட்டுக்குள்ள குளிர் காய நெருப்பு மூட்டுற வழக்கமே கிடையாது. மார்கழி விடியலில் மணிமங்கலம் ஏரிக்கரையில் நின்னா காதைச் சுத்தித் துண்டு கட்டிக்கத் தோணும், அவ்வளவுதான். மீனம்பாக்கத்துல 18 டிகிரிக்குக் கீழே போறதே அபூர்வம். சுவருக்குள்ள கணப்பு வெச்சு, அதைச் சுத்திக் கல் பதிக்கிறதெல்லாம் ஊட்டி, கொடைக்கானல் பங்களாக்களில் வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன சமாச்சாரம்.

ஆனா அண்ணன் மகன் போனைத் திறந்தா அதுதான் ஓடுது. சேலையூரில் வாடகை வீடு, துரைப்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை. அமெரிக்காவில் யாரோ ஒரு ஆள், ஒரு சனி ஞாயிறுக்குள்ள, கொத்தனார் இல்லாம, தன் வீட்டுக் கணப்பைச் சுத்தி மெல்லிசு மெல்லிசா கல்லை ஒட்டுறார். இவன் அதைப் பார்த்துட்டு டிவி சுவருக்கு ஒட்டணும்னு வீட்டுக்காரரைக் கேட்டிருக்கான். ஆணி அடிக்கவே விடாதவர் கல் ஒட்ட விடுவாரா? பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் ஆயாவோட அடுப்படியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கிட்டு இருந்தான். "சித்தப்பா, ஃபயர்பிளேஸ் இங்கேயே இருக்கே" என்றான்.

தப்பு சொல்ல முடியாது. கேஸ் அடுப்பு உள்வீட்டில் இருக்கு. ஆனா பின்கட்டில், ஓட்டுக் கூரைக்குக் கீழே, அம்மாவோட மண் அடுப்பு இன்னமும் எரியுது. பக்கத்துல கொடியடுப்பும் உண்டு. களி கிண்டுறது, கருவாட்டுக் குழம்பு, குளிக்க வெந்நீர் எல்லாம் அதில்தான். புகை உடம்புக்கு ஆகாதேன்னு நீங்க சொல்லுவீங்க, சரிதான். அதுக்காகத்தான் மூணு பக்கமும் கைப்பிடிச் சுவரோடு விட்டு, மேலே திறந்தே வெச்சிருக்கோம். அடைச்ச சுவர் அடுப்புக்குப் பின்னாடி இருக்கிற ஒண்ணுதான். அந்த ஒண்ணுதான் பிரச்சினையும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன நடந்ததுன்னு தாம்பரம் ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்க வீட்டில் முழங்கால் தண்ணி மூணு நாள் நின்னது. அதுக்கு அப்புறம் அந்தச் சுவர்ல பூச்சு நிக்கறதே இல்லை. கீழேயிருந்து ஈரம் ஏறுது, முன்னாடி இருந்து சூடு அடிக்குது, நடுவுல பூச்சு பொருக்குத் தட்டி உதிருது. களிமண்ணும் சாணியும் குழைச்சு மாசம் ரெண்டு தடவை அம்மா மெழுகுவாங்க. இப்போ அவங்களுக்கு 76 வயசு. குத்துக்கால் வெச்சு உட்கார முடியலை. போன ஐப்பசியில் இருந்து ஒரு மணைக்கட்டையில் உட்கார்ந்து எட்டின வரைக்கும் மெழுகினாங்க. எட்டாத இடம் குழம்புல விழுந்தது. ஈரத் துணியால துடைச்சா போதும்ங்கிற மாதிரி ஒரு சுவர் வேணும். அண்ணன் மகனுக்கு அழகு, எனக்கு இது.

ஜி.எஸ்.டி. ரோட்டுக் கடைகளில் போய்ப் பார்த்தோம். ராஜஸ்தான் மணற்கல், பாளம் பாளமா பிளந்த ஸ்லேட்டு, சிமெண்டில் வார்த்துக் கல் மாதிரி சாயம் ஏத்தினது, எல்லாம் இருக்கு. ஒரு கடையில் கல்லைச் சுருட்டியே காட்டினாங்க. நிஜக் கல்லோட மேல்தோலை 2 மில்லிமீட்டருக்கு உரிச்சு, பின்னாடி கண்ணாடி நாரும் ரெசினும் ஒட்டினது. கத்தரிக்கோலால வெட்டலாமாம். அண்ணன் மகன் அசந்துட்டான். ரெசின்னா சூட்டுக்கு இளகும், நெருப்பு பட்டா எரியும். டிவிக்குப் பின்னாடி ஒட்டலாம், விறகு அடுப்புக்குப் பின்னாடி ஒட்டக் கூடாது. கடப்பா கல்லை நானே வேண்டாம்னு சொன்னேன். அது சுண்ணாம்புக் கல். புளி, எலுமிச்சை பட்டா வெளுத்துப் போகும், அடுப்படியில் இது ரெண்டும் தெறிக்காத நாளே கிடையாது.

கடைசியில் வண்டலூர் வாலாஜாபாத் ரோட்டில் ஒரு கிரானைட் பட்டறையில் நிறுத்தினோம். கிச்சன் மேடைக்குப் பலகை அறுத்த மிச்சம், நாலு அங்குலம் ஆறு அங்குலம் அகலத்துக்குப் பட்டை பட்டையா பின்னாடி குவிஞ்சு கிடந்தது. தளம் நிரப்ப யாராவது அள்ளிக்கிட்டுப் போவாங்களாம். 20 மில்லிமீட்டர் கனம், ஒரு பக்கம் பாலீஷ், மறுபக்கம் சொரசொரப்பு. நமக்கு வேண்டியது அதேதான். சொரசொரப்பு கலவையைப் பிடிக்கும், பாலீஷ் கரியைத் துடைக்க விடும். 900 ரூபாய்க்கு லோடு ஆட்டோ நிறைய ஏத்திவிட்டார். பாதிக்கு மேல் கறுப்பில் பொன்துகள் மின்னுற ரகம். சென்னையில் பாதி அடுக்களையில் இருக்கிற, ஒங்கோல் பக்கத்துச் சீமகுர்த்தியில் வெட்டி எடுக்கிற கல்.

ஆட்டோவில் இருந்து இறக்கும்போது அம்மா கேட்டாங்க: "எங்கேர்ந்துடா இது?"

"ஒங்கோல் கல்லும்மா."

"பல்லாவரத்துல இல்லாத கல்லா ஒங்கோல்ல?"

எனக்குச் சிரிப்பு வரலை. எங்க வீட்டு அம்மி, ஆட்டுக்கல், வாசப்படி, கிணத்துச் சுத்து எல்லாமே பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் கருங்கல்தான். நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ மத்தியான வேளையில் தூரத்துல வேட்டுச் சத்தம் கேட்கும், அப்புறம் ஜல்லி லாரி வரிசை. அந்தக் கல்லுக்கு உலகம் பூரா ஒரு பேர் இருக்கு, சார்னோகைட். கல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் சர்ச்சில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனி ஆளோட கல்லறை இருக்கு. அதன் மேல் போட்ட பலகை இங்கேயிருந்து போனதுன்னு சொல்றாங்க. 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் அந்தக் கல்லைப் பார்த்துட்டு, ஆள் பேரையே கல்லுக்கு வெச்சார். அதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30-ம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல் கோடாரியை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனுஷனுக்குக் கிடைச்ச முதல் சாட்சி அது. இப்போ அந்த மலைகளில் பாதி இல்லை. நம்ம வீடு, ரோடு, மேம்பாலம்னு இறங்கிடுச்சு. இருந்த இடம் குளமா நிக்குது. 2017 வறட்சியில் சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணியை எடுத்துத்தான் சென்னைக்கு விட்டாங்க, ஞாபகம் இருக்கும்.

கல்லைப் பத்தி இன்னொரு விஷயம், இதுதான் எங்களுக்கு வேலைக்கு ஆனது. வெடி வர்றதுக்கு முன்னாடி பாறையைப் பலகையா எடுக்க நம்ம தென்னாட்டுக் கல்தச்சர்கள் பாறை மேல் விறகை அடுக்கித் தீ வைப்பாங்க. மேல்பக்கம் சூடாகி விரியும், அடிப்பக்கம் குளிர்ந்தே இருக்கும், ஏடு ஏடாக் கிளம்பிடும். அப்படின்னா கருங்கல்லை நேரா தீ நாக்குப் படுற இடத்தில் வெச்சா அதுவும் அப்படித்தானே கிளம்பும்? ஈரம் ஏறியிருந்தா வெடிக்கவும் செய்யும். அண்ணன் மகனோட வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். அந்த அமெரிக்காக்காரர்கூட நெருப்பு எரியுற பொந்துக்குள்ள கல் ஒட்டலை. உள்ளே சூளைச் செங்கல், வெளியே சுத்தியும்தான் கல்.

அதையே செய்தோம். சுவர் 7 அடி அகலம், 4 அடி உயரத்துக்குப் பழைய பூச்சை உரிச்சு, செங்கல் சந்தை ஓர் அங்குலம் நோண்டி, நல்லா தண்ணி அடிச்சோம். அடுப்புக்கு நேர் பின்னாடி, இரண்டரை அடிக்கு இரண்டு அடி, பழைய செங்கல்லைக் குத்துக்கல்லா நிறுத்திக் களிமண் கலவையில் கட்டினேன். சிமெண்ட் இல்லை. மிச்ச இடத்துக்குக் கோழிவலை அடிச்சு ஒண்ணுக்கு நாலு கலவையில் சொரசொரப்பா ஒரு பூச்சு, ஏழு நாள் தண்ணி விட்டோம். நகரத்து நண்பர்கள் பலபேர் விடுற இடம் இது. பழைய பூச்சு மேலேயோ பெயிண்ட் மேலேயோ ஒட்டுறாங்க. 20 மில்லிமீட்டர் கல் சதுர அடிக்கு 5 கிலோ வரும். எங்க சுவருக்கே 115 கிலோ. அந்த எடையைப் பெயிண்ட் தாங்குமா?

வெட்டுறது கிணத்தடியில், திறந்த வெளியில். ஒருத்தர் கட்டரைப் பிடிக்க, இன்னொருத்தர் பாட்டிலால தண்ணி ஊத்தணும், கரண்ட்டு கசிஞ்சா ட்ரிப் ஆகுற ஸ்விட்ச் இருக்கணும், மூக்குக்கு நல்ல மாஸ்க் வேணும். தண்ணி இல்லாம வெட்டினா வர்ற வெள்ளைத் தூசி நுரையீரல்ல போய் உட்கார்ந்துக்கும், திரும்ப வராது. கல் உடைக்கிறவங்களுக்கு சிலிக்கோசிஸ் வர்றது அதால்தான். மாஸ்க் வேர்க்குதுன்னு கழட்டப் போன பையனை அம்மா திண்ணையில் இருந்தே அதட்டினாங்க.

அடியில் ஒரு சட்டத்தை ரசமட்டம் பார்த்து அடிச்சு, அதுமேல் முதல் வரிசை. மூலையில் இருந்து நடுவுக்கு வரணும். கல்லுக்குப் பின்னாடியும் பேஸ்ட், சுவர்லயும் பேஸ்ட், அமுக்கி லேசா ஆட்டி விட்டா கவ்வும். மறுநாள் கரண்டிக் காம்பால ஒவ்வொண்ணையும் தட்டிப் பார்த்தோம். டொக்குன்னு வெறும் சத்தம் கேட்ட ரெண்டைப் பேர்த்து மறுபடி வெச்சோம். செங்கல்லும் கல்லும் சேர்ற இடத்தில் அரை அங்குலம் விட்டுக் களிமண் அடைச்சேன். சூட்டுல செங்கல் விரியும், இடம் கொடுக்கலைன்னா பக்கத்துக் கல்லைத் தள்ளும். அடுப்பையே நாலு அங்குலம் முன்னாடி தள்ளிப் போட்டாங்க அம்மா. ஏரிக் களிமண்ணும் உமியும் நான் மிதிச்சுக் கொடுத்தேன், கை வெச்சது அவங்கதான். அதுல யாரையும் விடலை.

நாலாவது வரிசை ஒட்டிக்கிட்டு இருக்கும்போது குரோம்பேட்டையில் இருந்து அண்ணன் வந்தார். மனை போடுறவங்க எங்க தெருவில் ரெண்டு வீட்டை ஏற்கெனவே வாங்கிட்டாங்க. எங்க வீடும் பின்னாடி இருக்கிற 40 சென்ட் நிலமும் சேர்ந்து கிடைச்சா நல்ல விலை. அண்ணனுக்கு வீட்டுக் கடன் இருக்கு, பொண்ணு கல்யாணம் இருக்கு. அவர் கேட்கிறதில் நியாயம் இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

"விக்கப் போற வீட்டுக்கு எதுக்குடா கல்லு?" என்றார் என்னிடம்.

கையில் பேஸ்ட் வழிய நின்ன அவர் மகன்தான் பதில் சொன்னான். "ஆயாவுக்குப்பா."

"ஆயாவை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்டா. அங்கே என்ன குறை?"

அம்மா உள்ளே இருந்து, "மூணாவது மாடியில வெறகு எங்க வெப்ப?" என்றாங்க. கோபமா கேட்கலை. நிஜமாவே கேட்ட மாதிரிதான் இருந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் நின்னார். அப்புறம் சட்டையைக் கழட்டிக் கொடியில் போட்டுட்டு, "நூல் சரிஞ்சிருக்கு பாரு, இந்தப் பக்கம் தூக்கு" என்றார். எங்க அப்பாகிட்ட நூல் பிடிச்சுப் பழகினவர் அவர்தான், நான் இல்லை. மேல் ரெண்டு வரிசையும் அவர் கணக்கில் போனது.

மூணு வாரம் காய விட்டோம். வெள்ளிக்கிழமை ஏத்தியே ஆகணும்னு அம்மா ரெண்டு தடவை கிளம்பினாங்க, தடுத்து வெச்சேன். முதல் நாலு நாள் வெறும் ஓலையும் தேங்காய் மட்டையும், சின்னத் தீ. அப்புறம்தான் சவுக்குக் கட்டை. ஒரு மணி நேரம் எரிஞ்ச பிறகு தொட்டுப் பார்த்தேன். நடுவுல இருக்கிற செங்கல்லில் கை வைக்க முடியலை. ஒரு முழம் தள்ளி இருக்கிற கல் வெதுவெதுன்னு இருந்தது, கையை எடுக்க வேண்டியிருக்கலை. கரியை ஈரத் துணியால அம்மா உட்கார்ந்த இடத்தில் இருந்தே துடைச்சாங்க. "முகம் தெரியுதுடா" என்று மட்டும் சொன்னாங்க. மொத்தச் செலவு 4,200 ரூபாய், அதில் பேஸ்ட்டுக்கும் கட்டர் பிளேடுக்கும்தான் பெரும்பங்கு.

வீட்டுப் பேச்சு முடியலை. ஆடியில் முன்பணம் வாங்கக் கூடாது, ஆவணியில் பார்த்துக்கலாம்னு அண்ணன் அவங்ககிட்ட சொல்லியிருக்காராம். பங்குனியில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை வந்தார். ரெண்டு தடவையும் அடுப்படியில்தான் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கிட்டே மூணாவது வரிசையில் ஒரு துண்டு அரை நூல் வெளியே நிக்குதுன்னு கண்டுபிடிச்சார். அது அவர் மகன் ஒட்டினது.

மிச்சம் ஒன்பது பட்டை கிணத்தடியில் கிடக்கு. துவைக்கிற கல்லுக்கு முன்னாடி வழுக்குது, அங்கே பாலீஷைக் கவுத்துப் போட்டு ஒரு தளம் போட்டுக் கொடுன்னு அம்மா கேட்டிருக்காங்க. மழைக்கு முன்னாடி போடணும்.