புல்லட் பேட்டரியைத் தின்றது யார்?

எங்கள் வீட்டு புல்லட் எனக்கு மூன்று வயது இளையது. திருவொற்றியூரில் செய்து வந்த பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் வண்டி. அப்பா அதை இரண்டாம் கையாக வாங்கி, பால் கேன் மாட்ட இடது பக்கம் ஒரு கொக்கி பற்றவைத்துக்கொண்டார். 71 வயதிலும் விடிவதற்கு முன்பே எழுந்து பால் கறந்து, வாய்க்கால் கரை வழியாக 2 கிலோமீட்டர் ஓட்டிப்போய் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருவார்.

அந்த வண்டி தினமும் காலையில் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. முதல் நாள் நன்றாக ஓடியது, மறுநாள் சாவியைத் திருப்பினால் ஹாரன் முனகும், உதைத்தால் நெருப்பு வராது. இந்த வகை வண்டியில் பிளக்குக்குப் போகும் நெருப்பு பேட்டரியிலிருந்துதான் பிறக்கிறது. பேட்டரி செத்தால் கிக்கரை எவ்வளவு உதைத்தும் பயனில்லை.

எனக்கு உடனே ஒரு காரணம் தெரிந்துவிட்டது. அப்பாவுக்கு ஞாபக மறதி. சாவியை ஆனிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார். இந்த சந்தேகத்தில் நியாயமும் இருந்தது. கான்டாக்ட் பாயின்ட் மூடிய நிலையில் இன்ஜின் நின்று, சாவியும் ஆனில் இருந்தால், காயில் வழியாக 3, 4 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு மணி நேரத்தில் சின்ன பேட்டரி காலி. காயிலும் சூடேறிக் கெட்டுப்போகும்.

“சாவியை மறந்துட்டீங்கப்பா.”

“இல்லடா. எடுத்து சட்டைப் பையிலதான் போட்டேன்.”

மூன்றாவது முறை இதை நான் சொன்னது சொசைட்டி வாசலில், பால் ஊற்ற வந்த பத்துப் பேர் முன்னால். அன்று வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துப் பையனின் மொபெட்டுக்காகக் காத்து நிற்பார். அவர் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். அம்மாதான் ஒருநாள், “அவரு மறக்கலைன்னு சொல்றாரல்ல கண்ணு, ஒருக்கா பாரேன்” என்றார். நான் பார்க்கவில்லை. புது பேட்டரி வாங்கினேன். அது ஏழு மாதம் வந்தது. அடுத்தது அதுகூட வரவில்லை.

விடை கிடைத்தது எதிர்பாராத இடத்தில். கிணற்று மோட்டார் காயில் கருகி, வைண்டிங் கடையில் கொடுத்திருந்தேன். காத்திருந்தபோது பேச்சுவாக்கில் புல்லட் கதையைச் சொன்னேன். கடைக்காரர் காயில் சுற்றும் கையை நிறுத்தாமலே கேட்டார்:

“ஏனுங்ணா, கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா என்ன பண்ணுவீங்க? புது மோட்டாரா வாங்குவீங்க?”

“வாய்க்கால்ல எங்க உடைச்சிருக்குன்னு பார்ப்பேன்.”

“எப்படிப் பார்ப்பீங்க?”

“ஒவ்வொரு மடையா அடைச்சுப் பார்ப்பேன்.”

“அதேதானுங்க. பேட்டரியை மாத்தாதீங்க. மடையை அடைங்க.”

அவர் சொன்னபடி ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கினேன். விலை ஒரு மூட்டை மாட்டுத் தீவனத்தில் கால் பங்குகூட வராது. இரண்டு பேட்டரிக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

முதல் மடை பேட்டரி. கடையில் முழுதாக சார்ஜ் ஏற்றி, வண்டியில் மாட்டாமல் திண்ணையில் ஒரு ராத்திரி வைத்தேன். சாயங்காலம் 12.7 வோல்ட் காட்டியது, காலையிலும் 12.7தான். அப்படியானால் பேட்டரி நல்லது. 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6க்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12ஐ ஒட்டி வந்துவிட்டால் ஏறக்குறைய வற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். எங்களுடையது 12 வோல்ட் வண்டி. இதைவிட மூத்த 6 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். மிகப் பழைய சில வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் சேசிஸில் எர்த் ஆகியிருக்கும். கழற்றும் முன் எந்த ஒயர் சேசிஸுக்குப் போகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி மாட்டினால் நொடியில் ரெக்டிஃபையர் போய்விடும்.

இரண்டாவது, சார்ஜ் ஏறுகிறதா என்பது. வண்டியை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரை நன்றாகத் திருகி, பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தேன். 13.8க்கும் 14.5க்கும் நடுவில் வர வேண்டும். எங்கள் வண்டியில் 13.3தான் வந்தது. முன்விளக்கைப் போட்டதும் 12.4க்கு இறங்கியது. இங்கே என் தலையில் முதல் குட்டு விழுந்தது. 35 வாட் பல்பு இருந்த இடத்தில், “வெளிச்சம் பத்தலை” என்று 60 வாட் ஹாலஜனைப் போட்டவன் நான்தான். அது ஒன்றே 5 ஆம்பியர் இழுக்கும். விடியுமுன் இருட்டில், 2 கிலோமீட்டர் பயணத்தில், அந்தப் பழைய ஆல்டர்னேட்டர் பல்புக்குக் கொடுத்தது போக பேட்டரிக்கு எதை மிச்சம் வைக்கும்? (சில வண்டிகளில் முன்விளக்கு நேராக ஆல்டர்னேட்டரிலிருந்து எரியும். அங்கே விளக்கு பளிச்சென்று எரிவதை வைத்து பேட்டரிக்கு சார்ஜ் போகிறது என்று நினைத்துவிடக் கூடாது.)

இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, “வண்டி நிக்குதா பாரு, நிக்கலைன்னா சார்ஜ் ஆகுது” என்று சோதிக்கும் பழக்கம் ஊர்ப்பக்கம் இருக்கிறது. வேண்டாம். தாங்கிப்பிடிக்க பேட்டரி இல்லாதபோது வோல்டேஜ் எகிறி பல்புகளைக் கருக்கிவிடும்.

மூன்றாவதுதான் முக்கியமான மடை. சாவி ஆஃப். சாவி என் கையில். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாற்றி, கழற்றிய ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் கோத்தேன். எதுவும் ஓடாத வண்டியில் பூஜ்ஜியம்தான் காட்ட வேண்டும். மீட்டர் 0.30 காட்டியது. (இந்த நிலையில் சாவியைப் போடவோ கிக்கரை உதைக்கவோ கூடாது. மீட்டர் கெட்டுப்போகலாம்.)

ராத்திரி 10 மணி நேரம் நின்றால் 3 ஆம்பியர்-மணி. பேட்டரியின் மேல் எழுதியிருந்தது 5. விடிவதற்குள் பாதிக்கு மேல் குடித்து முடித்துவிடும். சாவி ஆஃப் ஆக இருந்தாலும்.

பிறகு ஒவ்வொரு கனெக்டராகப் பிடுங்கினேன். ஹாரன், மாற்றமில்லை. பின் விளக்கு, பிரேக் சுவிட்ச், மாற்றமில்லை. சீட்டுக்குக் கீழே இருந்த ரெகுலேட்டர் ரெக்டிஃபையரின் கனெக்டரைப் பிடுங்கியதும் மீட்டர் 0.00.

ஆல்டர்னேட்டரின் மின்சாரம் பேட்டரிக்குள் போகலாம், திரும்பி வரக்கூடாது. ரெக்டிஃபையர் வேலையே அதுதான், கிணற்றுக் குழாயின் ஃபுட் வால்வு மாதிரி. எங்களுடையது உள்ளே பழுதாகிக் கசிந்துகொண்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பழையது போனபோது, பெயர்கூட அச்சிடாத மலிவுச் சரக்கைப் பாதி விலைக்கு வாங்கி மாட்டினேன். யார் வாங்கினார், யார் மாட்டினார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஹெட்லைட் மேல் ஆம்மீட்டர் இருக்கிறதே, அது ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்கலாம். அந்த முள் பெரிய ஓட்டத்துக்கு அசைவது. 0.30 அதற்குத் தெரியாது. அப்பா ஒவ்வொரு முறையும் முள் நடுவில் இருப்பதைப் பார்த்து, சாவியை எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

ரெக்டிஃபையர் நல்லதாக இருந்தும் சார்ஜ் இறங்கும் வண்டிகளும் உண்டு. அந்த வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது ஆம்மீட்டரின் பின்னால் இருக்கும் இரண்டு நட்டுகளை. பேட்டரிக்குப் போகும் ஓட்டம் அவ்வழியாகத்தான் போகிறது, அதிர்வில் தளர்ந்தால் எல்லாமே விட்டுவிட்டு வரும். அடுத்து, இடது பக்க செயின் கவரிலிருந்து ஆல்டர்னேட்டர் ஒயர் வெளியே வரும் இடம். எண்ணெயில் ஊறி, தோல் விறைத்து, உரசி உரசிக் கிழிந்திருக்கும். பிறகு எர்த். பெயின்டுக்கு மேல் முறுக்கிய எர்த்தும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரும்பு தெரிய முறுக்குங்கள்.

கொஞ்சம் விலை கொடுத்து நல்ல ரெக்டிஃபையர் போட்டேன். ஹாலஜனைக் கழற்றி 35 வாட் பல்பையே திரும்ப மாட்டினேன். மீட்டரில் 14.1 வந்தது. மூன்று ராத்திரி நிறுத்திவைத்துப் பார்த்தேன். மூன்று காலையும் முதல் உதையில் பிடித்தது.

நான்காம் நாள் விடியற்காலை, பால் கேனோடு வாசலில் மொபெட்டுக்காக நின்றுகொண்டிருந்தவரிடம் சாவியை நீட்டினேன். மீட்டரில் பார்த்ததைச் சொன்னேன். ரெக்டிஃபையர் நான் வாங்கியது என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தினார். ஆம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் போய், மறுபடி நடுவுக்கு வந்து நின்றது. பாயின்ட் திறந்த இடம். டீகம்ப்ரசரை ஒரு தொடு தொட்டு, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, மேலே வரவிட்டு, ஒரே உதை. 30 வருடமாக அப்படித்தான்.

“பையிலதான் போட்டேன்னு அன்னைக்கே சொன்னனல்ல” என்றார்.

“சொன்னீங்கப்பா.”

கேனைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வரும்போது ஒரு மூட்டை தவிடு வாங்கி வந்திருந்தார். இறங்கியதும் சாவியை எடுத்து, எனக்குத் தெரியும்படி ஒருமுறை காட்டிவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.