நகரும் நோன்பும் நிற்காத உலையும்

கற்பிப்பவனுக்கு ஒரு குறை உண்டு. பிறருக்குச் சொல்லிக் கொடுப்பதையெல்லாம் தானும் கற்றுவிட்டதாக அவன் எண்ணிக் கொள்வான். குறைஷ் அத்தியாயத்தை மதரஸாச் சிறுவர்களுக்கு முப்பது ஆண்டுகளாக ஓதிக் கொடுத்து வருகிறேன். குளிர்காலப் பயணத்தையும் கோடைக்காலப் பயணத்தையும் கூறியபின், பசிக்கு உணவளித்த இறைவனை அச்சிறிய அத்தியாயம் நினைவூட்டுகிறது. பருவமும் உணவும் அவ்வாறு அருகருகே வந்திருப்பதை நான் நின்று சிந்தித்ததில்லை. என்னைச் சிந்திக்க வைத்தது என் வீட்டு அடுக்களை.

ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாள்; சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. ஆகவே ரமளான் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். அது வீட்டு உலைக்கும் பொருந்தும் என்பதை மறந்தவனும் நானே.

எங்கள் ஊர் கிழக்குக் கடற்கரையில் உள்ளது. 2003, 2004 ஆம் ஆண்டுகளில் ரமளான் ஐப்பசி மழையோடு வந்தது. அந்நாள்களின் நோன்புக் கஞ்சி என் நாவில் தங்கிவிட்டது. பச்சரிசி நொய்யோடு கொத்துக்கறி, தாராளமாக இஞ்சி, பூண்டு, மிளகு, கெட்டித் தேங்காய்ப்பால். இரண்டு கோப்பை பருகினால் மழைக்குளிர் விலகி மேனியில் இளஞ்சூடு பரவும்.

2018இல் ரமளான் வைகாசி வெயிலில் வந்தது. விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத 61 நாள் தடைக்காலமும் அப்போதுதான். நல்ல மீன் அரிது. சஹருக்கு மீனாணம் இல்லை. தயிர்ச்சோறும் மாங்காய்ப் பச்சடியும்தான். நோன்பு திறக்க, வெந்தயமும் பாசிப்பருப்பும் மிகுந்த நீர்த்த கஞ்சி. கறியில்லை, மிளகில்லை. வடை இருக்க வேண்டிய தட்டில் பேரீச்சம்பழத்தோடு வெள்ளரிப்பிஞ்சு இருந்தது.

மூன்றாம் நாள் பொறுமை இழந்தேன். "இது நோன்புக் கஞ்சியா, நோயாளிக் கஞ்சியா?" என்று பிள்ளைகள் முன்னிலையிலேயே மனைவியிடம் கேட்டுவிட்டேன். அவள் மறுமொழி கூறவில்லை. நோன்பு திறக்கும் நேரம் துஆ ஏற்கப்படும் நேரம் என்று பள்ளிவாசலில் பலமுறை பயான் செய்தவன், அந்த நேரத்தில்தான் ஒருத்தியின் மனத்தைப் புண்படுத்தினேன்.

மூலையில் அமர்ந்திருந்த உம்மா சொன்னார்கள்: "அவளை ஏன் வாப்பா ஏசுறே? நான் சொல்லித்தான் இப்படிக் காய்ச்சினா. நீ முதன்முதலா முப்பது நோன்பும் பிடிச்ச வருஷமும் இதே வெயில்தான். அன்னைக்கு இந்தக் கஞ்சியைத்தான் குடிச்சே. நோன்பு நகர்ந்து வருது. கஞ்சி மட்டும் நின்ன இடத்துலேயே நிக்கணுமா?"

கணக்குப் பார்த்தேன். 1985. எனக்கு வயது பதின்மூன்று. அவ்வாண்டும் ரமளான் மே மாதக் கடைசியில்தான் தொடங்கியது. சரியாக 33 ஆண்டு. நான் ஏட்டில் கற்ற சுற்றை உம்மா அகப்பையில் அளந்து வைத்திருந்தார்கள்.

நபிபெருமான் (ஸல்) அவர்கள் வெள்ளரிக்காயைப் பேரீச்சங்கனியோடு உண்ட செய்தி புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் உண்டு. ஒன்றின் வெம்மையை மற்றதன் தண்மை தணிக்கும் என்னும் கருத்து, தர்ப்பூசணியைப் பற்றி அபூதாவூதில் வருகிறது. இவற்றைப் பாடம் நடத்தியவன் நான். ஆயினும் அவ்விரண்டும் ஒரே தட்டில் கண்ணெதிரே இருந்தபோது, வடை இல்லாததே எனக்குத் தெரிந்தது.

பிள்ளைகள் முன் ஏசியதற்குப் பிள்ளைகள் முன்பே மன்னிப்புக் கேட்பதுதான் முறை. மறுநாள் கேட்டேன். "கஞ்சி ஆறுது, குடிங்க" என்றாள். அவ்வளவுதான்.

உம்மா 2021இல் மௌத்தானார்கள். 2025இல் ரமளான் மாசியின் பிற்பகுதிக்கு வந்துவிட்டது. கஞ்சியில் பூண்டும் சிறிது கூடிற்று. 2030இல் சனவரியில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக இரு ரமளான்கள் தொடங்கும். பிறகு ஐப்பசி மழையும் மிளகுக் கஞ்சியும் திரும்பும். வைகாசிக் கஞ்சிக்கு மீண்டும் வேலை வரும்போது உலையருகே யார் இருப்பார்கள் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

ஆகவே மகளுக்கு ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஹிஜ்ரி ஆண்டையும் தமிழ் மாதத்தையும் நான் எழுதினேன். அளவுகளைத் தன் தாயிடம் கேட்டு அவள் எழுதி வருகிறாள்.