டயருக்கும் வயது உண்டு



போன சனிக்கிழமை மகள் குடும்பத்தோடு திருநள்ளாறு வந்திருந்தாள். ஆறு மாதத்துக்கு முன் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். "டயர் புதுசு மாதிரி இருக்கு மாமா" என்றார் மருமகன். நானும் பட்டனைத் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றேன்.

பேரன்தான் டயர் அருகே உட்கார்ந்து, "165/80 ஆர்14 85டி... இது என்ன கணக்கு தாத்தா?" என்றான்.

சொன்னேன். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 14 என்பது உள்ளே இருக்கும் வட்டின் விட்டம், அங்குலத்தில். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ வரை தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கி.மீ. வேகம் வரை.

"அப்போ 2213?"

டிஓடி என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் அது. 2013ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்த டயர்! குனிந்து பார்த்தேன். பக்கச் சுவரெல்லாம் மயிரிழை வெடிப்பு. வண்டி ஓடாமல் நின்றாலும் வெயிலிலும் காற்றிலும் ரப்பர் இறுகிவிடும். பட்டன் தேயாததால் வயது தெரியவில்லை.

அன்றிரவு பெங்களூரு கிளம்ப வேண்டியவர்கள். நிறுத்திவிட்டேன். மறுநாள் காரைக்காலில் நான்கையும் மாற்றிய பிறகுதான் அனுப்பினேன்.

பத்து ஆண்டுக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. இன்றே உங்கள் வண்டியில் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். வெளிப்பக்கம் இல்லையென்றால் உள்பக்கம் இருக்கும். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம்.