ஃபைலில் இருந்த கடிதம்

சாவித்திரிபாய் புலே தம் கணவர் ஜோதிராவுக்கு எழுதிய மூன்று கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன: 1856, 1868, 1877. பிளஸ் ஒன் வரலாறு வகுப்புக்கு முதலில் நான் எடுத்துப்போனது கடைசிக் கடிதத்தை மட்டும்தான். ஜுன்னர் வட்டாரத்துப் பஞ்சத்தைப் பற்றியது. அதே பஞ்சம் சென்னை மாகாணத்தையும் வாரிக்கொண்டு போனதால் பாடத்தோடு ஒட்டிக்கொண்டது. யாருக்கும் உறுத்தவில்லை.

1868 ஆகஸ்ட் 29 தேதியிட்டது ஃபைலிலேயே இருந்தது. பிறந்த ஊரான நைகாவிலிருந்து எழுதுகிறார். ஊர் ஊராகப் போய்ச் சடங்கு செய்து, ஜோசியம் சொல்லிப் பிழைக்கும் கணேஷ் என்ற பிராமணனும் சார்ஜா என்ற இளவயது மகர் பெண்ணும் காதலிக்கிறார்கள். அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. ஊரார் இருவரையும் அடித்துத் தெருத்தெருவாக இழுத்துப்போகிறார்கள், கொல்வதற்கு. சாவித்திரிபாய் ஓடிப்போய்த் தடுக்கிறார். தர்மம் பேசியல்ல, கொன்றால் ஆங்கிலேயர் சட்டம் சும்மா விடாது என்று பயமுறுத்தி. ஊரைவிட்டுப் போகட்டும் என்று முடிவாகிறது. இருவரையும் உங்களிடம் அனுப்புகிறேன் என்று கணவருக்கு எழுதுகிறார்.

என் வகுப்பில் எந்தத் தெருப் பிள்ளை எந்த பெஞ்சில் உட்காரும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஃபைலில் இருந்தது. வேறு காரணம் சொன்னால் பொய்.

அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு ஒருத்தி வரவில்லை. "யார்கூடவோ பேசினாளாம் மிஸ், வீட்டுல நிறுத்திட்டாங்க." இரண்டு முறை போனேன். அவள் அப்பா வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்துப் போனேன்.

வாசித்து முடித்தபோது ஒருவரும் நிமிரவில்லை. பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "மிஸ், கணேஷ் என்ன வேலை பார்த்தான்னு இருக்கு. சார்ஜா என்ன செஞ்சாள்னு ஒண்ணுமே இல்லையே?"

எத்தனையோ முறை படித்தவள் நான். கண்ணில் பட்டதில்லை. அவளைப் பற்றி என்னதான் இருக்கிறது என்று கரும்பலகையில் எழுதினோம். இளவயது, சாதி, வயிறு, அழுகை. அவ்வளவுதான். காப்பாற்றியவரே எழுதிய கடிதத்திலும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

பதில் எழுதச் சொல்லாமல், சார்ஜாவிடம் ஆளுக்கொரு கேள்வி எழுதச் சொன்னேன், பெயர் போடாமல். பரீட்சைக்கு வருமா என்று ஒரு பையன் கேட்டான். வராது என்றேன்.

அன்றிரவு தாள்களைப் பிரித்துப் பார்த்தேன். 'அடி வயித்துல பட்டுச்சா?' 'புது ஊருக்குப் போக உனக்குப் பிடிச்சிருந்துச்சா?' 'உங்க அம்மா அப்ப எங்க இருந்தாங்க?' இந்தக் கடைசிக் கேள்வி மூன்று தாள்களில் இருந்தது.

மூன்றாம் முறை அந்த வீட்டுக்குப் போனபோது, அப்பா வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன்.